மண்ணோடு பெயர்த்த குடில்

சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டையைக் கம்பர் அடங்கிய ஊர் என்று நம் பகுதி மக்கள் போற்றுகின்றனர். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டு, பங்குனித் திங்களில் காரைக்குடியில் தொடங்கும் கம்பன் திருநாள், அத்த நாளன்று நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறுவது மரபாகிவிட்டது. ஆகவே செட்டிநாட்டு மண்ணில் வாழ்வோர், எந்த ஆலயத்தில் வழிபடுவோராயினும், கம்பரை ஏட்டில் படிக்கும் முன்னரே காதில் கேட்டுவிடுகின்றனர். நீதியரசர் மு. மு. இஸ்மாயில் போன்ற இசுலாமியப் பெருமக்கள் கம்பரில் தோய்ந்து நூல்கள் எழுதியிருக்க, கத்தோலிக்கராகிய நாம் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் யாரும் தடை சொல்லப் போவதில்லை. சொல்லப் போவது முழுப் பாராட்டு அன்று என்பதாலேயே இத்தனை முன்னுரை.

கம்பன் மேடைகளில் தவறாமல் கையொலி பெறும் செய்தி ஒன்று உண்டு. வான்மீகியில் இராவணன் சீதையைக் கூந்தலையும் உடலையும் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரிலோ அவன் அவளைத் தீண்டுவதே இல்லை. இலக்குவன் கட்டிய குடிலை, அது நின்ற நிலத்தோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்துத் தேரில் வைத்துக்கொண்டு போகிறான். இலங்கையிலும் சீதை அதே குடிலில்தான் இருக்கிறாள். மாற்றான் கை பட்டவளைக் காப்பியத் தலைவியாக ஏற்கத் தமிழ் நெஞ்சம் ஒப்பாது. எனவே கவிச்சக்கரவர்த்தி மூலத்தைத் திருத்தித் தமிழ்ப் பண்பாட்டின் மேன்மையை நிலைநாட்டினார் என்று அறிஞர்கள் விளக்குவர். அவையும் மகிழும்.

நாம் கேட்க விரும்புவது இதுதான்: அந்தத் திருத்தத்தால் சீதைக்குக் கிடைத்தது என்ன? அவள் இழந்தது என்ன?

கிடைத்ததை முதலில் பார்ப்போம். இராவணன் தீண்டாததற்குக் காரணம் அறவுணர்வு அன்று. விரும்பாத பெண்ணைத் தொட்டால் தலை சிதறும் என்று பிரமன் இட்ட சாபம் அவனைத் தடுக்கிறது. சூடாமணிப் படலத்தில் சீதையே இதை அனுமனிடம் எடுத்துரைத்து, அச்சாபமே தன் உயிரைத் தந்தது என்கிறாள். ஆக, ஒருவன் தன் தலைக்கு அஞ்சிய அச்சம் அவளுடைய மேனிக்கு வேலியாயிற்று. அனுமன் தன் தோள்மேல் ஏறிவிடுமாறு வேண்டும்போதும், புலன்களை அடக்கியவனாயினும் உலகம் அவனை ஆண் என்றே சொல்லும், அவனைத் தீண்டுதல் ஆகாது என்று மறுக்கிறாள். அனுமன் இராமனிடம் திரும்பி வந்து தரும் செய்தியிலும் இராவணன் தீண்டவில்லை என்பது தலைமையிடம் பெறுகிறது. தீண்டல், தீட்டு, தீண்டாமை ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்பதை நம் ஊர்களில் வாழ்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இழந்தது எது? வான்மீகியின் யுத்த காண்டத்தில் இராமன் கடுஞ்சொல் சொன்னபோது சீதை அளிக்கும் மறுமொழியை ஒருமுறை நினைவுகூர்வோம். என் உடலை மற்றொருவன் தொட்டது என் விருப்பத்தால் அன்று. அப்போது நான் வலுவற்றவள். என் ஆளுகைக்கு உட்பட்டது என் உள்ளம், அது உம்மிடமே இருந்தது. பிறன் கையில் அகப்பட்ட உறுப்புகளுக்கு நான் என்ன செய்ய முடியும் என்பது அவளுடைய வாதத்தின் பொருள். உலக இலக்கியத்தில் ஒரு பெண் தனக்காக முன்வைத்த வாதங்களுள் இதைவிட நேர்மையானதை நாம் கண்டதில்லை. இந்த வாதத்தைப் பேச, அவள் தொடப்பட்டிருக்க வேண்டும். கம்பர் அந்தத் தொடுகையை நீக்கியபோது, அவள் அறிவின் தலைசிறந்த கருவியையும் கையிலிருந்து எடுத்துவிட்டார்.

கம்பரின் மீட்சிப் படலத்தில் நிகழ்வதென்ன? அரக்கனின் ஊரில் உணவை உவந்து உண்டு, சாகாமல் இருந்துவிட்டாயே என்று இராமன் பழிக்கிறான். மண்ணோடு பெயர்த்த குடில் அங்கே சான்றாக வரவே இல்லை. அனுமன் சொன்ன செய்தியும் செல்லவில்லை. தீண்டப்படாதவளையும் தீண்டப்பட்டவளைப் போலவே நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்கள். சீதையின் மறுமொழி, நீரே மனத்தால் உணராதபோது நான் நோற்ற தவமும் காத்த கற்பும் பித்துச் செயலாக வீணாயின என்ற கதறல். கவிதை என்ற அளவில் அது நெஞ்சைப் பிளப்பது. ஆனால் அதில் வாதம் இல்லை. முறிந்த மனமே இருக்கிறது. இலக்குவன் தீ மூட்டுகிறான். அவள் புகுகிறாள். அவளது கற்பின் வெம்மை தாங்காமல் தீக்கடவுளே வெந்து அலறுகிறான். இதுவும் கையொலி பெறும் இடந்தான்.

இத்தனைக்கும் உள்ளமே அளவுகோல் என்பது கம்பர் அறியாத கொள்கை அன்று. பால காண்டத்து அகலிகைப் படலத்தில், வந்தவன் கணவன் அல்லன் என்று உணர்ந்த பின்னும் அகலிகை விலகவில்லை என்று அவரே பாடுகிறார். அப்படிப்பட்டவளைத்தான், நெஞ்சினால் பிழை செய்யாதவள், ஏற்றுக்கொள்க என்று விசுவாமித்திர முனிவர் கௌதமனிடம் சேர்க்கிறார். இரக்கம் சட்டத்தைத் தாண்டிக் குதிக்கும் அருமையான இடம் அது. நாம் அதைப் படிக்கும்போதெல்லாம் கம்பரை வணங்குகிறோம். அந்த அளவுகோல் யுத்த காண்டத்திற்கு வருவதற்குள் எங்கே தொலைந்தது? பிழையுற்றவளுக்கு நெஞ்சைப் பார்த்தவர்கள் பிழையற்றவளுக்கு ஏன் நெருப்பைப் பார்த்தார்கள்?

இந்த வினாவைத் தமிழில் முகத்துக்கு நேரே கேட்டவர் புதுமைப்பித்தன். 1943-ஆம் ஆண்டில் கம்பராமாயணத்தைத் தீயிலிட வேண்டுமா என்று சென்னையிலும் சேலத்திலும் அறிஞர் அண்ணா ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபுறமுமாக மேடையில் சொற்போர் புரிந்தனர். நூலை எரிக்கலாமா என்று நாடு பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில், சீதையை ஏன் எரித்தீர்கள் என்று கேட்கும் ‘சாப விமோசனம்’ வெளிவந்தது. கல்லாயிருந்து மீண்ட அகலிகை, கணவனோடு வாழ முயல்கிறாள். மன்னிப்புக் கிடைத்தும் மனம் ஆறவில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை தீக்குளித்த செய்தியைச் சொல்லக் கேட்கிறாள். தன்னை மீட்டவனா இதைக் கேட்டான் என்று அதிர்கிறாள். உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்ற சீதையின் சமாதானம் அவளுக்குப் போதவில்லை. மீண்டும் கல்லாகிறாள்.

இக்கதையைப் புராணத்தை இழிவுபடுத்தும் குறும்பு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நம் எண்ணம் வேறு. கம்பர் பால காண்டத்தில் நட்ட அளவுகோலை எடுத்து, யுத்த காண்டத்தை அளந்து பார்த்த திறனாய்வு அது. ஒரேயொரு குறை சொல்லலாம்: புதுமைப்பித்தனின் சீதை அளவுக்கு மிஞ்சி அமைதியாக இருக்கிறாள். வான்மீகியின் சீதைக்கு இருந்த நா அவளுக்கும் வாய்க்கவில்லை. கோபம் முழுவதையும் அகலிகையே சுமக்கிறாள்.

உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்ற அந்தச் சொல்லே நம்மைத் தொலைவிலுள்ள ஒரு நகருக்கு இட்டுச் செல்கிறது. வீட்டுப் பிணக்கைக் காட்டிலும் அயலார் பிணக்கில் நியாயம் தெளிவாகத் தெரியும் அல்லவா? பேதுருவும் பவுலும் இரத்தம் சிந்திப் புனிதமாக்கும் முன்னரே உரோமை ஒரு சமய நகரம். அந்நகர மக்கள் பெண்ணின் கற்பைக் குடும்பத்து மானமாக மட்டும் கொள்ளவில்லை. அரசின் அரணாகவே கொண்டனர்.

அடுப்பின் தெய்வமாகிய வெஸ்தாவின் கோயிலில் அணையாத் தீ ஒன்று எரிந்தது. அதைக் காக்க ஆறு கன்னியர். 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, 30 ஆண்டுகள் கன்னிமை காக்கும் கடமையை அவர்கள்மேல் சுமத்தினர். அவர்களுக்குச் சிறப்புகள் பல உண்டு. மற்ற உரோமைப் பெண்டிரைப் போல அவர்கள் தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அல்லர்; தாமே உயில் எழுதலாம்; பொது விழாக்களில் தனி இருக்கை உண்டு. தீ அணைந்தால் கசையடி. கன்னிமை குலைந்ததாகத் தீர்ப்பானால், கொல்லைன் வாயிலருகே நிலத்துக்கடியில் ஓர் அறை தோண்டி, ஒரு கட்டில், ஒரு விளக்கு, சிறிது அப்பம், நீர், பால், எண்ணெய் வைத்து உயிரோடு இறக்கி மண்ணிட்டு மூடுவர். சிறிதளவு உணவை வைத்தது, தெய்வத்துக்குரியவளைப் பட்டினியிட்டுக் கொன்ற பழி நகரத்தைச் சேராதிருக்க வேண்டும் என்பதற்காக என்று புளூட்டார்க் எழுதுகிறார். மனிதர் தம் மனச்சான்றை ஏமாற்றக் கண்டுபிடித்த வழிகளுள் அந்த அப்பத்துண்டு மிகக் கொடியது.

எப்போது தீர்ப்பாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். கி.மு. 216-இல் கன்னே என்னுமிடத்தில் ஹன்னிபாலிடம் உரோமைப் படை அழிந்தது. அந்த ஆண்டிலேயே ஒப்பிமியா, புளோரோனியா என்ற இரு கன்னியர்மீது குற்றம் உறுதியாயிற்று. ஒருத்தி புதைக்கப்பட்டாள், மற்றவள் தன்னை மாய்த்துக்கொண்டாள். போரில் தோற்றவர்கள் தளபதிகள். நாட்டின் தீட்டைக் கழிக்க மண்ணுக்குள் போனவர்கள் இவர்கள். மழை பொய்த்தாலும் அம்மை கண்டாலும் ஊரில் எந்தப் பெண் தவறினாள் என்று தேடும் வழக்கம் நம் கிராமங்களுக்குப் புதிதன்று.

டொமீசியன் பேரரசன் காலத்தில் தலைமைக் கன்னியாகிய கொர்னேலியா அவ்வாறு இறக்கப்பட்டாள். அவளைத் தன் தரப்பைச் சொல்லவும் விடவில்லை என்று இளைய பிளினி ஒரு மடலில் குறிக்கிறார். நிலவறைக்குள் இறங்கும்போது அவளது ஆடை சிக்கிக்கொண்டது. கொலையாளி கைகொடுக்க முன்வந்தான். அவள் அந்தக் கையைத் தீண்டாமல் விலகினாள். சாவின் வாயிலிலும் தீண்டல் பற்றிய அந்த எச்சரிக்கை! அனுமனின் தோளை மறுத்த சீதையின் நினைவு இங்கே வராமல் இராது. துச்சியா என்ற மற்றொரு கன்னி, தன் தூய்மையைக் காட்டத் திபேர் ஆற்று நீரைச் சல்லடையில் சிந்தாமல் சுமந்து வந்தாள் என்ற கதையும் உண்டு. நெருப்பு இங்கே, சல்லடை அங்கே.

கற்புக்கும் அங்கே குலம் இருந்தது. கற்பையே தெய்வமாக்கிப் பலிபீடம் வைத்திருந்த உரோமையில், உயர்குடியில் பிறந்து எளியகுடியில் மணம் புரிந்த வெர்ஜீனியா என்பவளைக் கி.மு. 296-இல் அவ்வழிபாட்டிலிருந்து விலக்கினர். அவள் தன் வீட்டிலேயே ஒரு பகுதியைத் தடுத்து, எளியகுடிப் பெண்களின் கற்புக்கென்று தனிப் பலிபீடம் எழுப்பினாள் என்று லிவி எழுதுகிறார். நாம் மிகவும் மதிக்கும் உரோமைப் பெண் இவள்.

இனி, நம் அரசியல் மேடைகளிலும் அடிக்கடி அடிபடும் சீசரின் மனைவி. கி.மு. 62-இல் பெண்கள் மட்டுமே பங்குபெறும் நற்றேவியின் வழிபாடு சீசர் வீட்டில் நடந்தது. ஆண் வாடையே படக்கூடாத அவ்விரவில் குளோடியுஸ் என்ற இளைஞன் பெண்ணுடை தரித்து உள்ளே நுழைந்து அகப்பட்டான். சீசர் தன் மனைவி பொம்பெயாவைத் தள்ளிவைத்தார். ஆனால் வழக்கு மன்றத்தில் அவள்மீது எந்தக் குற்றமும் தமக்குத் தெரியாது என்றார். பின் ஏன் தள்ளினீர் என்றதற்கு, தம் மனைவி ஐயத்துக்கும் அப்பாற்பட்டவளாயிருக்க வேண்டும் என்று விடையிறுத்தார். குளோடியுஸ் விடுதலையானான். பொம்பெயா வீடு திரும்பவில்லை. இந்தச் சொல்லை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகக் கையாளும் நம் சொற்பொழிவாளர்கள், அதில் தண்டனை பெற்றவள் யார் என்பதை ஒரு கணம் எண்ணலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக லூக்ரேசியா. அரசன் மகனின் வாள்முனையில் கெடுக்கப்பட்டவள். அவளுடைய சாவே உரோமையில் முடியாட்சியை வீழ்த்தியது என்பது மரபு. லிவி சொல்லும் கதையில், உடல்தான் கறைபட்டது, உள்ளம் குற்றமற்றது என்று அவளே கூறுகிறாள். தந்தையும் கணவனும் அதை ஒப்புக்கொள்கின்றனர். பாவம் செய்வது மனமே, உடலன்று என்று தேற்றுகின்றனர். எத்துணை உயர்ந்த கொள்கை! அதைக் கேட்ட பின்னும், கற்பிழந்த பெண் எவளும் தன்னை எடுத்துக்காட்டாகச் சொல்லி வாழக்கூடாது என்று கூறி அவள் மார்பில் கத்தியைப் பாய்ச்சிக்கொள்கிறாள். உரோமை அவளைக் கொண்டாடியது.

ஆக, உள்ளமே அளவுகோல் என்ற உண்மையை உரோமையரும் அறிந்திருந்தனர், கம்பரும் அறிந்திருந்தார். அறிவதில் குறைவில்லை. நம்புவதில்தான் குறைவு. கற்பு உள்ளத்தில் உறைவது என்று வாயால் சொல்லிக்கொண்டே, அதை நெருப்பிலும் சல்லடையிலும் பிணத்திலும் தேடினார்கள். சாகாமல் இருந்துவிட்டாயே என்ற மீட்சிப் படலத்துப் பழிச்சொல்லை உரோமை தன் பெண்களுக்கு லூக்ரேசியா வாயிலாகவே சொல்லிவிட்டது.

கி.பி. 410-இல் அலாரிக்கின் படை உரோமையைச் சூறையாடியது. மணமான பெண்கள், கன்னிப்பெண்கள், இறைவனுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த கன்னியர் எனக் கிறித்தவப் பெண்கள் பலர் வன்முறைக்கு உள்ளாயினர். அவர்கள் லூக்ரேசியாவைப் போல் மாண்டுபோகவில்லையே என்று பிறசமயத்தார் ஏளனம் செய்தனர். கி.பி. 413-இல் ‘கடவுளின் நகர்’ என்ற பெருநூலை எழுதத் தொடங்கிய புனித அகுஸ்தீனார், முதற் புத்தகத்திலேயே இதற்கு விடையளிக்கிறார். தூய்மை உள்ளத்தின் உறுதியில் இருக்கிறது. உள்ளம் இசையாதவரை பிறனுடைய காமம் ஒருத்தியைக் கறைப்படுத்தாது. குற்றம் செய்யாதவள் தன்னைத்தானே கொன்றுகொள்ள வேண்டியதில்லை. லூக்ரேசியாவைப் பற்றி அவர் கேட்கும் இருமுனை வினா புகழ்பெற்றது: அவள் இசைந்தவள் எனில் புகழ்வது ஏன்? தூயவள் எனில் கொல்வது ஏன்? வாழ்ந்துகொண்டிருந்த பெண்களின் பக்கம் நின்று, செத்த பெண்ணின் புகழைக் கேள்விக்குள்ளாக்கிய துணிவு அது. நாம் குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, இறையியல் நூல் என்பதை மறந்து இலக்கியமாகவே படித்தோம்.

ஆயினும் மறைவல்லுநர் என்பதற்காக அவரையும் அளக்காமல் விடலாகாது. ஒருவேளை லூக்ரேசியா உள்ளூர இசைந்திருப்பாளோ என்று அவர் ஓர் ஐயத்தை வீசுகிறார். வாதத்துக்குத் தேவையற்ற ஐயம் அது. பின்னர், வன்முறைக்கு உள்ளான கன்னியர் சிலரிடம் தம் தூய்மை பற்றிய செருக்கு மறைந்திருந்திருக்கலாம் என்றும் எழுதுகிறார். முன்கதவு வழியே வெளியேற்றிய சந்தேகம் பின்கதவு வழியே வந்து அமர்ந்துவிட்டது. சீதையின் வாதத்தை அகுஸ்தீனார் அறிந்திருக்க வழியில்லை. அவள் அந்த இடத்தில் அவரைவிடத் தெளிவாகப் பேசினாள் என்பதே நம் துணிபு.

நம் திருநூலிலும் சோதனை உண்டு. எண்ணிக்கை நூலின் 5-ஆம் அதிகாரம், கணவன் ஐயுற்ற மனைவிக்குக் கசப்பு நீர் கொடுக்கும் சடங்கை விரிக்கிறது. ஐயுறப்பட்ட கணவனுக்குக் கொடுக்க நீர் ஏதும் இல்லை. ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்று வழங்கும் பழைய நூலொன்றில், அன்னை மரியாவுக்கும் யோசேப்புக்கும் தலைமைக் குரு இத்தகைய நீரைக் கொடுத்துச் சோதிப்பதாகவும், பின்னர் அன்னையின் கன்னிமையைக் கையால் சோதிக்க முனைந்த சலோமி என்பவளின் கை எரிந்ததாகவும் வருகிறது. சோதித்த அக்கினி வெந்தது போல் சோதித்த கையும் வெந்தது! அன்னையின்மீது பக்தி கொண்டவர்கள்தாம் இதை எழுதினர். எனினும் பெண்ணின் தூய்மை சோதனையால்தான் நிலைபெறும் என்ற எண்ணத்தை அவர்களாலும் விட முடியவில்லை. திருச்சபை இந்நூலை இறைவார்த்தையாக ஏற்கவில்லை.

ஏற்றுக்கொண்ட நற்செய்தியில் மத்தேயு காட்டும் யோசேப்பு வேறுவிதமானவர். கருவுற்றிருக்கும் மரியாவைக் கண்டு ஐயுற அவருக்குக் காரணம் இருந்தது. இணைச்சட்டம் அவருக்குக் கல்லையும் தந்திருந்தது. நேர்மையாளர் என்று மத்தேயு அவரைக் குறிப்பது, அவர் சட்டத்தைக் கையில் எடுக்காமல், அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல், மறைவாக விலக எண்ணிய இடத்தில்தான். லூக்ரேசியாவின் நாட்டில் பிறந்து தமிழுக்கு வந்த வீரமாமுனிவர், 1726-இல் பாடிய தேம்பாவணிக்கு இந்த யோசேப்பையே தலைவராக்கினார். ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் ஐயம் நீங்குவதற்கு ஒரு படலமும் அமைத்தார். கம்பரின் நடையைத் தேம்பாவணியில் தேடிக் காட்டும் நம் புலவர்கள், இந்த வேறுபாட்டையும் எடுத்துக்காட்டியிருக்கலாம்: அங்கே, ஐயுறக் காரணமில்லாத கணவன் சோதிக்கிறான், இங்கே, ஐயுறக் காரணமிருந்த கணவர் சோதிக்கவில்லை. கவித்திறத்தில் முனிவரைக் கம்பரோடு ஒப்பிடுவது வீண். அது மலையையும் மடுவையும் ஒப்பிடுவதாகும். ஆனால் இந்த ஓரிடத்தில் மடுவில் நீர் இருக்கிறது.

தீட்டைப் பற்றியும் ஒரு சொல். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள் என்று மாற்கு எழுதுகிறார். லேவியர் நூலின்படி தீட்டு அவளிடமிருந்து அவருக்குச் சென்றிருக்க வேண்டும். நலம் அவரிடமிருந்து அவளுக்குச் சென்றது. மாதவிலக்கு நாள்களில் பெண்களைக் கோவிலுக்குள் வரவிடாமல் தடுக்கலாகாது என்று திருத்தந்தை பெரிய கிரகோரியார் கி.பி. 601-இல் இங்கிலாந்துக்கு எழுதிய விடையில் குறிப்பிடுகிறார். 1,400 ஆண்டுகள் கடந்தும் நம் சிற்றூர்களில் கோவில் வாசலிலேயே நின்றுவிடும் பெண்களை நாம் காண்கிறோம். அவர்களை யாரும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டிய தேவை எப்போதோ முடிந்துவிட்டது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. ஒரு பெண்ணின்மேல் ஆடவன் இழைத்த கொடுமையைக் குறிக்க நம் நாளேடுகள் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘கற்பழிப்பு’. கொள்ளையடித்தவனைக் குறிக்கும் சொல்லில் பறிகொடுத்தவரின் ஒழுக்கத்தை யாரும் ஏற்றுவதில்லை. இங்கு மட்டும், அழிந்தது அவளுடைய கற்பு என்று சொல்லே தீர்ப்பெழுதிவிட்டது. லூக்ரேசியாவின் கத்தி அச்சொல்லுக்குள் இருக்கிறது. இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதும் இதழ்கள் பெருகியிருப்பது நல்லதே. ஆயினும், ‘கெட்டுப்போனவள்’ என்ற சொல் தெருவிலும் வீட்டிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தீக்குளித்தலும் நம் காலம்வரை வந்திருக்கிறது. வன்கொடுமைக்கு உள்ளான பெண், ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவளா என்று அறிய மருத்துவமனைகளில் செய்யப்பட்ட இரு விரல் சோதனையை நாம் குறிப்பிடுகிறோம். அது பெண்ணின் தன்மதிப்பையும் அந்தரங்கத்தையும் மீறுவது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின்னும் அது நடந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தடை செய்யுமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இச்சோதனையைச் செய்பவர் நடத்தை தவறியவராகக் கொள்ளப்படுவார் என்று கண்டித்தது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டுக் குற்றத்துக்கு ஆளானவளின் உடலில் சான்று தேடும் வழக்கம், மருத்துவக் கல்வி பெற்றவர் கையிலும் இத்தனை காலம் நிலைத்திருந்தது.

நம் பீடத்தருகே வருவோம். ஆண்டுதோறும் சூலை 6 அன்று புனித மரிய கொரற்றியை நினைவுகூர்கிறோம். 1902-இல், 11 வயதில், அலெக்சாந்தர் என்ற இளைஞனால் குத்துண்டு மறுநாள் இறந்த இத்தாலியச் சிறுமி. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார். கற்பை இழப்பதைவிடச் சாவைத் தேர்ந்துகொண்டவர் என்று மறையுரைகளில் அவரைப் புகழ்வது வழக்கம். மறைக்கல்வி வகுப்பொன்றில் இக்கதை சொல்லப்பட்டபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, “அந்த அக்கா சாகாம பிழைச்சிருந்தா புனிதர் ஆகியிருக்க மாட்டாங்களா, ஃபாதர்?” என்று கேட்டாள். மீட்சிப் படலத்தை அவள் படித்திருக்க வாய்ப்பில்லை. லூக்ரேசியாவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டாள். அந்த வகுப்பில், அவளுக்குப் பக்கத்து இருக்கையில், யாரிடமும் சொல்ல முடியாத செய்தியோடு இன்னொரு சிறுமி உட்கார்ந்திருக்கலாம் என்பதை நினைக்கும்போதே நெஞ்சு நடுங்குகிறது.

கத்திக்கு முன் மரிய கொரற்றி பேசிய பேச்சில் அவனுடைய ஆன்மாவைப் பற்றிய கவலை இருந்தது; இது பாவம், நீ நரகத்துக்குப் போவாய் என்றுதான் அவனைத் தடுத்தார். சாகும்முன் அவனை மன்னித்தார். சிறையிலிருந்து வந்த அலெக்சாந்தர் அவருடைய தாயின் முன் நின்று மன்னிப்புக் கேட்டான். புனிதம் இந்த இடங்களில் இருக்கிறது. அவன் கத்தியை எடுக்காமல் தன் வல்லமையால் அவரை வென்றிருந்தாலும் அவருடைய தூய்மையில் ஓர் அணுவும் குறைந்திராது. இது நம் சொந்தக் கருத்தன்று, அகுஸ்தீனார் காலத்திலிருந்து திருச்சபையின் ஆசிரியர்கள் வலியுறுத்திய போதனை. அந்தச் சிறுமிக்கு இதைத்தான் சொன்னோம். பிழைத்து எழுந்திருந்தால் மறு ஞாயிறு மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நற்கருணை வாங்கியிருப்பார், யாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கக்கூடாது என்றோம். அவள் சற்று யோசித்துவிட்டு, “ஆனா கேப்பாங்க, ஃபாதர்” என்றாள்.